ஐந்து நிமிடத்துக்குள் உன் பெயர்

இன்று கடைக்குப் புது ஹெட்போன் வந்தது. பெங்களூர் வியாபாரிகளோடு இனிமேல் கம்ப்யூட்டரிலேயே பேசிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, முதலாளி சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் அந்த வாடை வந்தது. வாய்க்கு முன்னால் வளைந்து நிற்கிற மைக்கின் நுனியில் ஒரு கறுப்புப் பஞ்சு இருக்குமே, அதன் வாடை. பெட்டியை மூடி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுத் தெருவில் போய் நின்றேன். "இன்னாப்பா, மாட்டலியா?" என்று முதலாளி உள்ளேயிருந்து கேட்டார். அப்புறம் மாட்டுகிறேன் என்றேன்.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? நீதான் எனக்கு எழுதுவாய். சொல்ல நினைத்தது வாயில் வராதபோது திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, தட்டி, என் பக்கம் திருப்பிக் காட்டுவாய். "டீ?" என்று ஒரு நாள். "முதலாளி வரார், பாட்டை நிறுத்து" என்று ஒரு நாள். படித்ததும் அழித்துவிடுவாய். அப்படி நீ எழுதியதில் ஒரு வரிகூட இப்போது எங்கேயும் இல்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் இதே கடையில், இந்த டிசைன் சென்டரில், நாம் செய்த வேலை எளிமையானதுதான். சேலையின் கரைக்கு வேண்டிய படத்தைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, அதன்படி தறிக்குப் போகும் அட்டைகளில் துளை போட்டுக் கொடுப்போம். நான் திருப்புட்குழியிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். உன் வீடு இரண்டு தெரு தள்ளி. அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல். நீ கடையில் சேர்ந்த அன்றைக்கு முதலாளி உன் பெயரைக் கேட்டார். உன் உதடுகள் ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. அவர் நல்லவர்தான், ஆனால் பொறுமை கிடையாது. "சரி சரி, எழுதிக் குடு" என்று பேனாவை நீட்டினார். பேனா நீட்டுகிறவர்களை நீ வாழ்க்கை முழுவதும் பார்த்திருக்கிறாய் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கடையில் இருந்த சாஃப்ட்வேர் வெளிநாட்டுக்காரர்கள் செய்தது. நம் ஊர்க் கரைக்கு அது ஒத்துவராது. நீ சத்தமில்லாமல் சொந்தமாக ஒன்று எழுத ஆரம்பித்தாய். ஒரு மயிலை ஒரு தரம் வரைந்தால் போதும். அது கரை முழுக்க அடுக்கிக்கொண்டே போகும். வேண்டுமென்றால் மயில்களை எதிரும் புதிருமாக நிற்கவைக்கும். நூல் பிடிப்பில்லாமல் நீளமாகத் தொங்கப்போகிற இடம் எதுவோ, அந்தக் கட்டங்களைத் தானாகவே சிவப்பாக்கிக் காட்டும். அந்தச் சிவப்பை நீ எனக்கு முதன்முதலில் காட்டிய அன்று, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் விளம்பரம் வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி. சிறிய ஊர்களில் சொந்தமாக மென்பொருள் எழுதியவர்களைத் தேடினார்கள். திரையில் அது வேலை செய்வதை அப்படியே வீடியோவாகப் பிடித்து, கூடவே தமிழில் விளக்கமும் பேசி, ஐந்து நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும். தேர்வானால் வேலை. விளம்பரத்தைக் கத்தரித்து மடித்து நீ சட்டைப் பையில் வைத்திருந்தாய். என்னிடம் நீட்டியபோது மடிப்பு நைந்திருந்தது.

"அனுப்பிடலாம்டா, இதுல யோசிக்க இன்னா இருக்குது?" என்றேன்.

நீ திரையில் ஒற்றைச் சொல் தட்டினாய். "பேசணும்."

"நான் பேசறேன். நீ மவுஸ் புடி."

விளம்பரத்தின் கடைசி வரியில் விரலை வைத்தாய். எழுதியவரே பேச வேண்டும். முதலில் தன் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும்.

"யாருக்குடா தெரியப் போவுது?"

"எ... எனக்குத் தெரியும்" என்றாய்.

உனக்கு எல்லா எழுத்தும் கஷ்டமில்லை. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் ஒரு தட்டுத் தட்டி வந்துவிடும். பேச்சைத் தொடங்கும்போதும் எதையாவது பெயர் சொல்லிக் குறிப்பிடும்போதும் 'ப'வும் 'க'வும்தான் சுவர்; வாக்கியத்தின் ஓட்டத்தில் வந்தால் தாண்டிவிடுவாய். நீ அந்த வாரம் ஒரு வேலை செய்தாய். உன் மென்பொருளில் இருந்த பட்டன்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றினாய். 'பதிவு' என்று இருந்தது 'எழுது' ஆயிற்று. 'கட்டம்' இருந்த இடத்தில் 'அறை' வந்தது. 'பார்டர்' 'ஓரம்' ஆயிற்று. உன் வாயால் சொல்ல முடிகிற சொற்களை வைத்து அந்த மென்பொருளையே திருப்பி எழுதினாய். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஏமாற்று வேலையில் ஜெயித்த பையன் மாதிரி ஒரு சிரிப்பு.

ஆனால் உன் பெயர் 'ப'வில் தொடங்கியது. ஊர் 'க'வில் தொடங்கியது. அவை இரண்டையும் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. முதலாளி சாவியைக் கொடுத்தார். மின்விசிறியின் சத்தம் விழும் என்று நிறுத்திவிட்டோம். ஜன்னலைச் சாத்தினோம். வேர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. நான் போய் அந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கொஞ்ச நேரம் நிறுத்திக்கிறீங்களாண்ணா? ஒரு ரெக்கார்டிங்கு."

"எத்தினி நேரம்பா?"

"அஞ்சு நிமிஷம்தாண்ணா."

அவர் தறியை நிறுத்திவிட்டு எழுந்தார். இதே மாதிரி கறுப்புப் பஞ்சு மைக் வைத்த ஹெட்போனை நீ மாட்டிக்கொள்ள, நாம் தொடங்கினோம்.

"வணக்கம். என் பெயர்" என்பது வரை சரளமாக வந்தது. அதற்கப்புறம் உன் உதடு மூடிக்கொண்டது. அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கண் சுருங்கியது, வலது கை தொடையில் அடித்துக்கொண்டது. இத்தனை நடந்தும் திரையின் ஓரத்தில் ஒலியைக் காட்டுகிற கோடு அசையாமல் படுத்திருந்தது. நீ பட்ட பாட்டில் ஒரு துளிகூட அந்த மைக்குக்குள் போகவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் உண்டா இல்லையா என்பது மட்டும்தான். பிறகு திடீரென்று உன் பெயர் வெடித்து வந்தது. கோடு எகிறிக் குதித்தது. நீ நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினாய். மறுபடியும் அப்படியே. மறுபடியும்.

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். உன் முகத்தைப் பார்த்தார். "நான் சாப்புட்டு ஒரு தூக்கம் போட்டு வந்துடறேன். நிதானமாப் பேசச் சொல்லுப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று நமக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நடுவில் ஒன்று நடந்தது. நீ சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாய். நான் ஏதோ தோன்றி, "சேர்ந்து சொல்லலாம் வா" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். "வணக்கம். என் பெயர்..." உன் பெயர் வந்தது. தடையே இல்லாமல், ஊரில் எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்வதுபோல. காஞ்சிபுரமும் வந்தது. நாம் அப்படியே கடைசிவரை போனோம். உன் குரல் அவ்வளவு நல்ல குரல் என்று எனக்கு அதுவரை தெரியாது. கனமான, அவசரமில்லாத குரல். முடிந்ததும் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய். ஓடவிட்டுக் கேட்டோம். நான் மைக்கைவிட்டுத் தள்ளி நின்று எவ்வளவோ தணிவாகப் பேசியும், என் குரல் உன் குரலுக்கு அடியில் தெளிவாகக் கேட்டது.

"இதுலயே அனுப்பிடலாம்டா. எக்கோன்னு நெனச்சிக்குவாங்க" என்றேன்.

நீ மறுப்பாகத் தலையை ஆட்டினாய். "இ... இதுல நீ இருக்கற" என்று சொல்லிவிட்டு அதை அழித்தாய்.

அடுத்த சிக்கல் நேரம். உன் பெயருக்கும் ஊருக்கும் ஆன நேரத்தில் ஐந்து நிமிடத்தில் பாதி போய்விட்டது. மீதியில் மென்பொருளைக் காட்டி முடிக்க முடியவில்லை. நீ ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தாய். முதலில் அச்செடுப்பதை விட்டாய். அப்புறம் மயில்கள் எதிரெதிராக நிற்பதை விட்டாய். அப்போதும் நேரம் மிஞ்சவில்லை. கடைசியில் அந்தச் சிவப்புக் கட்டங்களையும் விட்டுவிட்டாய்.

எனக்குக் கோபம் வந்தது. "அதை விட்டா அதுல இன்னாடா இருக்குது?"

"எ... என் பேர் இருக்குது" என்றாய்.

சாயங்காலம் ஐந்து நிமிடத்துக்குள் ஒன்று முடிந்தது. நீ அதை ஒரே ஒரு தரம் ஓடவிட்டாய். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். சுவருக்கு அந்தப் பக்கம் தறி மறுபடி ஓடத் தொடங்கியது.

அனுப்புவதும் லேசாக முடியவில்லை. அதை ஒரு சி.டி.யில் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பாதி போகும், அறுந்துவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே இருந்த அக்கா நம்மைப் பார்த்துப் பார்த்து, "காலையில கடை தொறந்த ஒடனே வாங்கப்பா. யாரும் இருக்க மாட்டாங்க. மத்த மெஷினெல்லாம் நான் ஆன் பண்ணாமலே வெக்கிறேன்" என்றார். சொன்னபடி செய்தார். நீலப் பட்டை நகர்வதை மூன்று பேரும் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பெற்றுக்கொண்டோம், நன்றி என்று திரையில் வந்ததும் அந்த அக்காதான் முதலில் கைதட்டினார். நீ வெளியே வந்து டீக்கடையில் எனக்கும் சேர்த்து பன் வாங்கினாய். வழக்கமாக நீ கையை நீட்டிக் காட்டித்தான் வாங்குவாய். அன்று வாயைத் திறந்து, நின்று, நேரமெடுத்து, கேட்டு வாங்கினாய். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். உன்னை அவ்வளவு தைரியமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பதில் ஒரு வாரத்துக்குள் வந்தது. அதே பிரவுசிங் சென்டர். நீ படித்துவிட்டு எழுந்து எனக்கு நாற்காலியை விட்டாய். மரியாதையான கடிதம். தங்கள் மென்பொருளைப் பார்த்தோம், மகிழ்ச்சி. ஆனால் தாங்கள் அனுப்பிய பதிவில் ஒலி பழுதாகியுள்ளது. பல இடங்களில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, முதலிரண்டு நிமிடங்கள் பெரும்பாலும் மௌனமாக உள்ளன. மைக்கைச் சரிபார்த்து, மீண்டும் பதிவுசெய்து அனுப்பவும்.

நான் திரும்பிப் பார்த்தேன். திட்டியிருந்தால்கூட நீ தாங்கியிருப்பாய். நீ பழகியவன். கேலி செய்திருந்தால் சிரித்திருப்பாய். அவர்களுக்கு அதில் ஒரு மனிதன் பேசுகிறான் என்றே தோன்றவில்லை. கருவிக் கோளாறு என்று நினைத்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், உதவுகிற மாதிரி எழுதியிருந்தார்கள். யார்மேல் கோபப்படுவது?

"இப்பவாவது நான் சொல்றதக் கேளு" என்றேன். "மறுபடி அனுப்பத்தான சொல்லியிருக்கான்? நான் பேசிடறேன். உள்ள போனப்புறம் பார்த்துக்கலாம்."

நீ திரையைப் பார்த்தபடி கேட்டாய். "உ... உள்ள போனா, அங்க யாரு பேசறது?"

நீ உட்கார்ந்து அவர்களுக்கு எழுதினாய். மைக்கில் பழுது ஏதும் இல்லை. நான் பேசுவதே அப்படித்தான். தயவுசெய்து மறுபடி ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இவ்வளவுதான். அனுப்பிவிட்டு எழுந்துவிட்டாய்.

அதற்குப் பதில் வரவில்லை. தினமும் காலையில் போய்ப் பார்த்தோம். அந்த அக்கா நம்மிடம் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார். பிறகு நம் முகத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். தேர்வானவர்களின் பெயர்கள் வந்தன. உன் பெயர் இல்லை. அன்று கடைக்கு வந்து, நீ பட்டன்களுக்குப் பழைய பெயர்களைத் திரும்பக் கொடுத்தாய். நான் தடுக்கவில்லை. முதலாளி அந்த மென்பொருளைக் கொஞ்ச நாள் பயன்படுத்தினார். கம்ப்யூட்டர் மாற்றியபோது அதுவும் அதிலிருந்த நம் பதிவும் போயின.

நீ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனாய். கம்பெனி பஸ் செவிலிமேட்டில் ஏற்றிக்கொள்ளும். ஒரு ஞாயிறு பார்க்க வந்தபோது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அ... அங்க ஒருத்தரும் பேச மாட்டாங்க. மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நல்லாத்தான் இருக்குது" என்றாய். நல்லாத்தான் இருக்குது என்பதை நீ எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாய். மென்பொருள் எழுதுவதுண்டா என்று கேட்டேன். நீ கையை விரித்தாய். அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

உனக்கு மஞ்சள் காமாலை என்று உன் அம்மா ஆள் அனுப்பியபோது நாள் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வந்த நர்ஸ் உன்னிடம் பெயர் கேட்டாள். நீ வாயைத் திறந்தாய். அவள் கொஞ்சம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவரே சொல்லுவாரு, இருங்கம்மா" என்றேன். அவள் நின்றாள். நீ முயன்றாய். உன் உடம்பில் அதற்கான பலம் இல்லை. உதடு மூடியது, அழுத்தம் ஏறவில்லை, அப்படியே விட்டுவிட்டுத் தலையணையில் சாய்ந்து கையை அசைத்தாய், நீயே சொல்லிவிடு என்பதுபோல. நான் சொன்னேன். உன் எதிரில், உன் பெயரை உனக்குப் பதிலாக நான் சொன்னது அந்த ஒரு தரம்தான். இரண்டு நாள் கழித்து நீ போய்விட்டாய்.

காரியங்கள் முடிந்த பிறகு அம்மா கடைக்கு வந்தார்கள். முந்தானையில் ஒரு சி.டி.யைச் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். அலமாரியில் உன் துணிகளுக்கு நடுவில் இருந்ததாம்.

"இதுல அவன் பேசியிருக்கான்னு சொன்னானேப்பா. கொஞ்சம் போடேன், கேக்கறேன்."

போட்டேன். உள்ளே சுழன்றது, உறுமியது, திறக்கவில்லை. பின்பக்கத்தில் பூஞ்சை பிடித்துப் புள்ளிபுள்ளியாக இருந்தது. துடைத்துப் போட்டேன். வேறு கம்ப்யூட்டரில் போட்டேன். பிரவுசிங் சென்டர் அக்காவிடம் ஓடினேன். சென்னையில் சரிசெய்பவர்களிடம்கூடக் கொடுத்து அனுப்பினேன். எங்கேயும் திறக்கவில்லை. அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். அந்த முகவரியே இப்போது இல்லை என்று திரும்பி வந்தது.

அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர்கள் அழவில்லை.

"அவன் பேச்சு எனக்குக் கஷ்டமாவே இருந்ததில்லப்பா. வாயையே பார்த்துக்கினு இருப்பேன். இன்னா சொல்ல வரான்னு எனக்குத் தெரிஞ்சிடும். அவன் முடிக்கறதுக்குள்ள நானே சொல்லிடுவேன். அதான் தப்பாப் போச்சு. எங்கிட்ட அவன் ஒரு பேச்சைக் கடைசிமட்டும் பேசினதே இல்ல. அதுலயாவது முழுசாப் பேசினானாப்பா?"

"பேசினான்மா. முழுசாப் பேசினான்" என்றேன்.

"இன்னா பேசினான்? சொல்லு."

நான் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தனை முறை கேட்டது, மனப்பாடமாக இருந்தது. வணக்கத்தில் தொடங்கி நன்றி வரை சொன்னேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு தலையசைத்தபடி கேட்டார்கள். நடுவில் ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்கவில்லை. கை இரண்டும் மடியில் இறுகிக் கிடந்தன.

இப்போது மாதம் ஒரு தரம் போகிறேன். போனால் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி, அதில் உன் சொல் எது, நான் சேர்த்தது எது என்று எனக்கே குழம்பிவிட்டது. அம்மாவுக்குத் தெரிகிறது போலிருக்கிறது. சில இடங்களில் அவர்கள் தலையசைப்பதில்லை. என்னையே பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். அடுத்த மாதம் போகும்போது அந்த இடங்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன். அதற்கும் அடுத்த மாதம் வேறு சில இடங்கள். என்னிடம் உன் பேச்சென்று இருப்பது இவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் சீக்கிரமாக முடிந்துவிடுகிறது.